வெற்றிலைப் பெட்டியில் ஐஸ்கிரீம் குச்சி

போன வாரம் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கரும்புச் சாற்றுக்கு வரிசையில் நின்றபோது ஓர் அக்கா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். முகம் தெரியும், பெயர் தெரியாது. மலேசியாவின் பேராக்கில் இருக்கிற எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் பாதிப் பேரை எனக்கு அப்படித்தான் தெரியும். "ஒங்கம்மாவுக்கு நாக்க வெட்டிட்டாங்களாமே, எப்படிம்மா சாப்பிடுறாங்க?" என்று காதோடு கேட்டார். வம்புக்குக் கேட்கிறாரோ என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம்தான் சொன்னார். அவருடைய மாமியாருக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய், அடுத்த மாதம் ஈப்போவில் ஆபரேஷன். டாக்டர் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலுமாக அரைமணி நேரம் விளக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து யோசித்தால் 'ஆபரேஷன்', 'டியூப்' என்ற இரண்டு சொல்தான் மனதில் நிற்கிறதாம்.

அதற்குள் சாறு கைக்கு வந்துவிட்டது, பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள், பேச்சு பாதியில் நின்றது. மீதியை இங்கே எழுதுகிறேன். நான் ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறவள். ஆணி எத்தனை கிலோ, பெயின்ட் எத்தனை டின் என்று கேட்டால் சொல்வேன். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் இந்தப் பதினாறு மாதத்தில் அம்மாவின் வாயைப் பார்த்த அளவுக்கு வேறெதையும் நான் கூர்ந்து பார்த்ததில்லை.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 13 வயதில் வெற்றிலை போட ஆரம்பித்தாராம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்ப மதியம் தாண்டிவிடும். அதுவரை வயிற்றில் இருப்பது கறுப்புக் கோப்பிதான். வெற்றிலை போட்டால் பசி அடங்கும், தூக்கம் போகும், பக்கத்து நிரையில் இருப்பவளோடு பேச ஒரு சாக்கும் கிடைக்கும். "ஒரு வா வெத்தல குடு" என்று கேட்டுத்தான் தோட்டத்தில் பாதி சிநேகிதம் தொடங்கியிருக்கிறது. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தும் பித்தளைப் பெட்டி கூடவே வந்தது.

புகையிலை போடாததில் அம்மாவுக்கு ஒரு பெருமை. "நான் என்ன போயலையா போடறேன், வெறும் பாக்குதானே" என்பார். நானும் நம்பினேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும், பாக்கு மட்டுமே போதும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். மலேசியாவில் வாய்ப்புற்று மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம், அதிகம் வருவதற்கு இந்தப் பெட்டிதான் பெரிய காரணம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் இதையெல்லாம் படித்தபோது எனக்குக் கோபம் அம்மாமேல் வரவில்லை. கல்யாணம், காது குத்து, கருமாதி என்று எல்லா விசேஷத்திலும் தாம்பாளத்தில் வைத்து நாமே நீட்டும் பொருள் அது.

அறிகுறி மூன்று வருஷமாகவே இருந்தது. மிளகாய்ச் சம்பலைத் தொட்டாலே வாய் எரிகிறது என்பார். "அம்மா வெள்ளைக்காரி ஆயிட்டாங்க" என்று கேலி செய்வோம். வாயும் முன்போல அகலமாகத் திறக்காது. பெரிய உருண்டையாகச் சோறு எடுத்தால் உதட்டில் இடிக்கும். பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்சவ்வு நார்போல இறுகிப் போவதன் அடையாளம் அது என்று பிறகு தெரிந்தது. அதற்கு மேல் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண். உடைந்த கடைவாய்ப் பல் உரசுகிறது என்று நாங்களே முடிவு கட்டினோம். ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று முறை தடவுகிற மருந்து கொடுத்தார்கள், யாரும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. நான்கு மாதம் அப்படிப் போனது. இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும் காட்டியே ஆக வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. காட்ட வேண்டிய இடம் பல் கிளினிக் என்பதும் தெரியாது. பல் வலி தாங்காமல் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போனபோது அந்தச் சின்ன வயசு டாக்டர் இரண்டு நிமிஷம் பார்த்தார், நாக்கைத் துணியில் பிடித்து இழுத்துத் தடவிப் பார்த்தார், கழுத்தை அமுக்கிப் பார்த்தார், அன்றைக்கே ஈப்போவுக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றதும் சொந்தக்காரர்களிடமிருந்து போன் மேல் போன். கத்தி பட்டால் பரவிவிடும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பரவுவது விட்டு வைத்தால்தான், சோதனைக்குச் சதை எடுப்பதால் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப் போனது. கோலா கங்சார் சித்தி ஒரு போத்தல் கஷாயம் கொண்டுவந்தார், கரி நிறத்தில். அம்மா மறுக்காமல் வாங்கி, சித்தி போனதும் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டார். செடி நன்றாகத்தான் இருக்கிறது.

முடிவு வந்தது, ஸ்கேன் எடுத்தார்கள். நாக்கில் இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கு எடுக்க வேண்டும். இடது கழுத்தில் நெறிக்கட்டிகளை எடுக்க வேண்டும். இடது முன்கையிலிருந்து தோலை ரத்தக்குழாயோடு எடுத்து நாக்கில் வைத்துத் தைப்பார்கள். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. அக்கா, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான். எல்லாரும் அதைக் காத்திருக்கிற காலம் என்று நினைத்து அழுது தீர்க்கிறார்கள். முதல் நாலு நாள் நானும் அப்படித்தான் வீணாக்கினேன்.

முதல் வேலை, வெற்றிலையை நிறுத்துவது. டாக்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டார், நிறுத்துங்க என்று. ஐம்பது வருஷத்துக்கு மேலான பழக்கம்! தலைவலி, சிடுசிடுப்பு, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சமையலறையில் டப்பாக்களை உருட்டுவது. பாக்கில் இருக்கிற சரக்கும் உடம்பைப் பிடித்து வைக்குமாம், புகையிலைபோலவே. பெட்டியை ஒளித்து வைத்தேன், அது தப்பு. அம்மா சின்னக் குழந்தைபோலத் தேடினார், எனக்கே சகிக்கவில்லை. வாய்க்கு மட்டும் இல்லை, கைக்கும் அது வேலை என்று அப்புறம் புரிந்தது. காம்பு கிள்ள வேண்டும், நரம்பு உரிக்க வேண்டும், சுண்ணாம்பு தடவ வேண்டும், மடிக்க வேண்டும். அந்தக் கைக்கு வேறு வேலை கொடுக்காமல் வாயை மட்டும் மூடச் சொன்னால் எப்படி? மாரியம்மன் கோயிலுக்குப் பூ கட்டித் தருகிறேன் என்று அம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் காலையில் ஒரு பை உதிரிப்பூ வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவேன். முதல் வாரம் கட்டிய சரம் முழுக்கக் கோணல், குருக்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது, பல். ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு தேவைப்படலாம் என்றால் ஆட்டம் கண்ட பல், சொத்தைப் பல்லை எல்லாம் முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். கதிர் பட்ட தாடை எலும்பில் பிறகு பல் பிடுங்கினால் புண் ஆறாமல் போகலாம், எலும்பே செத்துப்போகும் அபாயம் உண்டு. அம்மாவுக்கு ஐந்து பல் போனது. "நாக்குதானே நோவு, பல்லு என்ன பண்ணிச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காரணத்தைச் சொன்னதும் வாயைத் திறந்தார். காரணம் சொல்லாமல் செய்தால் எந்த மனுஷிக்கும் பயம்தான் வரும்.

மூன்றாவது, சாப்பாடு. 49 கிலோ இருந்தவர் புண் வலியில் 43 ஆகியிருந்தார். ஆறு மாதத்தில் உடம்பில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது அபாயம், காயம் ஆறாது என்று உணவு ஆலோசகர் சொன்னார். பத்திய சாப்பாடு என்று நாங்கள் போட்டது ரசம் சோறு, வெறும் கஞ்சி. அதில் வயிறு நிறையும், தெம்பு வராது. கஞ்சியில் முட்டையை அடித்து ஊற்றுங்கள், தேங்காய்ப்பால் விடுங்கள், வேகவைத்த மீனை முள் எடுத்து மசித்துப் போடுங்கள், மைலோ பானத் தூளைத் தண்ணீரில் கலக்காமல் பாலில் கலக்குங்கள் என்றார். புற்றுநோய் வந்தவர்களுக்குக் கவுச்சி ஆகாது என்று ஊரில் ஒரு சட்டம் இருக்கிறது. எங்கே எழுதியிருக்கிறதோ தெரியவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இல்லாததால் எனக்கு வேலை சுலபம். இருக்கிறவர்களுக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் கத்தி வைக்க மாட்டார்கள், கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

அப்புறம் மூச்சுப் பயிற்சி. மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் சாமான் ஒன்று கொடுப்பார்கள். உறிஞ்சினால் பந்து மேலே போகும். நுரையீரலில் சளி தேங்காமல் இருக்க அது உதவும். என் மகன் பாட்டியோடு போட்டி போட்டான். அம்மா இரண்டு பந்துவரை தூக்கினார்.

கை விஷயம் ஒன்று உண்டு. எந்தக் கையிலிருந்து தோல் எடுக்கப் போகிறார்களோ அந்தக் கையில் அதற்கு முன் ஊசி போடக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. எந்தக் கை பழக்கம் என்று டாக்டர் கேட்டதற்கு அம்மா, "வெட்டுக்கு வலது, வாளிக்கு இடது" என்றார். நான் மொழிபெயர்த்ததும் டாக்டர் சிரித்தார். மணிக்கட்டில் இரண்டு ரத்தக்குழாயையும் அமுக்கிப் பிடித்து, ஒன்றை மட்டும் விட்டு, உள்ளங்கை மறுபடி சிவக்கிறதா என்று பார்த்தார். சிவந்தது. ஒரு குழாயை எடுத்தாலும் இன்னொன்று கையைக் காப்பாற்றும் என்பதற்கான சோதனை. அன்றிலிருந்து அம்மாவின் இடது கையில் பேனாவால் 'ஊசி வேண்டாம்' என்று மலாயில் எழுதி வைத்தேன், குளித்து அழிந்தால் மறுபடி எழுதுவேன்.

பேச்சுதான் எனக்குப் பெரிய கவலை. தொண்டையில் துளை போட்டு மூச்சுக்குழாய் வைப்பார்கள், அது எடுக்கும்வரை குரல் வராது. அம்மா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரைதான், எழுத வராது. என் மகளை விட்டுப் படம் வரையச் சொன்னேன்: தண்ணி, வலி, சளி, கக்கூஸ், போர்வை, விளக்கை அணை. எதெல்லாம் வேண்டும் என்று அம்மாவையே கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாரும் வெளிய போங்கன்னு ஒண்ணு போடு" என்றார். கதவும் அதை நோக்கி ஓடுகிற ஆட்களுமாக வரைந்தாள். பிறகு அதிகம் பயன்பட்டது அந்த அட்டைதான்.

போனில் அம்மாவின் குரலையும் பதிவு செய்துகொண்டேன். பாடச் சொன்னால் வெட்கப்பட்டார். அதனால் தெரியாமல் பின்னால் போய்ப் பதிவு செய்தேன், கோழிக்குத் தவிடு வைக்கும்போது. "பா... பா... பா..." அவ்வளவுதான், இருபது வினாடி.

இவை எல்லாவற்றையும்விட அம்மாவைத் தேற்றியது ஒரு தாத்தா. ஆபரேஷனுக்கு முந்தின கிளினிக் நாளில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் நீளத் தழும்பு, பேச்சு கொஞ்சம் குழறல். இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஆபரேஷன். கையில் பொட்டலம் பிரித்து இட்லி தின்றுகொண்டிருந்தார். அம்மா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்று வாரமாகச் சொன்ன தைரியத்தை எல்லாம் அந்த இட்லி ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டது.

ஆபரேஷன் பத்து மணி நேரம் ஆனது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் வெளியே இருந்தேன்.

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் என் அண்ணன் வராந்தாவில் மயங்கி விழுந்திருக்க மாட்டான். அதனால் இப்போது சொல்கிறேன்: வீங்கும், வடியும். மூக்கில் ஒரு டியூப், தொண்டையில் ஒரு குழாய், கழுத்தில் ரத்தம் வடிய ஒன்று, கையில் கட்டு. முதல் நாட்களில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், மணிக்கு ஒரு தரம் வந்து வாய்க்குள் டார்ச் அடித்து, புதிதாக வைத்த சதையின் நிறத்தைப் பார்ப்பார், தொட்டுச் சூடு பார்ப்பார். ஒரு சின்னக் கருவியை வைத்து ரத்த ஓட்டம் கேட்பார். காற்றடிப்பதுபோல 'உஷ், உஷ்' என்று வரும். நீலம் பாரித்தாலோ வெளுத்தாலோ உடனே மறுபடி ஆபரேஷன் தியேட்டர். அந்தச் சத்தம் கேட்கும்வரை நான் மூச்சு விட்டதில்லை. கழுத்தைத் திருப்பக் கூடாது, கழுத்தைச் சுற்றி எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது. அத்தை கொண்டுவந்த மந்திரித்த கயிறு என் மணிக்கட்டில்தான் ஏறியது.

என் பட அட்டைகள் முதல் மூன்று நாள் வேலைக்கு ஆகவில்லை. கண் இமை வீங்கி, கண்ணாடியும் போட முடியாமல் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மகளிடம் சொல்லி முழுத் தாளில் ஒரு படம் வீதம் கறுப்பு மார்க்கரில் மறுபடி வரைந்தோம். செய்கிறவர்கள் முதலிலேயே பெரிதாகச் செய்யுங்கள்.

மூன்றாம் வகுப்பு வார்டு, நாளுக்கு மூன்று வெள்ளி (ரிங்கிட்). அரசாங்க ஆஸ்பத்திரி என்று அலட்சியமாகப் பேசுகிறவர்களிடம் நான் இந்தக் கணக்கைச் சொல்வதுண்டு. ஆனால் வார்டுக் காசு மட்டும் செலவு இல்லை. தினமும் ஈப்போவுக்குப் போய்வரப் பெட்ரோல், சம்பளம் இல்லாத லீவு, டியூப் வழியாகக் கொடுக்கிற பால் மாவு. பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. கை நீட்டுவதாக நினைத்து நான் இரண்டு வாரம் போகவில்லை. போயிருக்க வேண்டும், அவர்கள் வேலையே அதுதான். வார்டு மிஸ்ஸியிடம் கேட்டால் எழுதிக் கொடுப்பார்.

ஒன்பதாம் நாள் தொண்டைக் குழாயை எடுத்தார்கள், துளை தானாகவே மூடிக்கொண்டது. மூக்கு டியூபோடுதான் வீட்டுக்கு வந்தோம். வார்டிலேயே என்னைச் செய்ய வைத்துப் பார்த்த பிறகுதான் அனுப்பினார்கள். தலைப்பக்கம் உயர்த்தி உட்கார வைக்க வேண்டும். டியூபில் இருந்து துளி இழுத்துச் சோதனைக் காகிதத்தில் விட்டு, அது வயிற்றில்தான் இருக்கிறது என்று உறுதி செய்ய வேண்டும். ஊசிக்குழலை உயரமாகப் பிடித்துப் பாலைத் தானாக இறங்க விட வேண்டும், அழுத்தக் கூடாது. முன்னும் பின்னும் தண்ணீர் விட்டு அலச வேண்டும். முடிந்ததும் ஒரு மணி நேரமாவது படுக்கக் கூடாது. நாளுக்கு ஆறு வேளை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வாசனைகூட இல்லாத சாப்பாடு வயிற்றுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாம் வாரம் நான் புத்திசாலித்தனம் செய்தேன். டியூபுக்கான பால் மாவு தீர்ந்த அன்று கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டி ஊற்றினேன். டியூப் அடைத்துக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு மெல்ல இழுத்துத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. ராத்திரி பத்து மணிக்கு எமர்ஜென்சி. புது டியூப் மூக்கில் இறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. மாத்திரையையும் அப்படித்தான்: நொறுக்கலாமா என்று மருந்துக் கவுன்டரில் கேட்காமல் நொறுக்காதீர்கள், சில மாத்திரைகளை நொறுக்கவே கூடாது.

வாய் வாடை. இதை யாரும் பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன். எச்சில் விழுங்க முடியாது, ஓரத்தில் வழியும், வாடை வரும். டாக்டர் அனுமதித்த பிறகு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, நாளுக்கு ஐந்தாறு தரம் கொப்பளித்துத் துப்ப வைத்தேன். குழந்தைகளின் மெல்லிய பிரஷ். பழைய கைலியைக் கிழித்து ஒரு கூடை நிறையத் துண்டு. அம்மா அறையில் இருந்த கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார். நான் நேராக வைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பொட்டு வைக்க அவரே திருப்பினார். வெளியே போக முகக்கவசம். கோவிட்டுக்குப் பிறகு யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அது ஒரு நன்மை.

கழுத்தில் கட்டி எடுத்தபோது தோளுக்குப் போகிற நரம்பும் அடிபடலாமாம். அம்மாவால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, கொண்டை போட முடியவில்லை. முகத்தைவிட அந்தக் கொண்டைக்குத்தான் அழுதார். பிசியோவில் சொன்னபடி சுவரோரம் நின்று விரலால் ஏறிப் பழகினார்; எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு. பேரப்பிள்ளைகளின் உயரக் கோடு பக்கத்திலேயே இருக்கிறது. பெரியவனை முந்திவிட்டார்.

கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாளாக 30 நாள், ஆறு வாரம். ஆபரேஷன் முடிந்த ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். பட்டர்வொர்த்தில் மாமா வீட்டில் தங்கிப் பினாங்குக்குப் போய்வந்தோம். மூன்றாம் வாரம் வாய் முழுக்கப் புண், எடுத்த டியூப் மறுபடி வந்தது. அந்த ஆறு வாரத்தைத் தனியாக எழுத வேண்டும், இன்றைக்கு வேண்டாம். வாய் வறட்சி மட்டும் இன்னும் இருக்கிறது. சின்னத் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் அம்மா வாசலுக்குக்கூடப் போக மாட்டார்.

கதிர் பட்டால் தாடை இன்னும் இறுகும். அம்மாவுக்குப் பாக்கினால் ஏற்கெனவே இறுகியிருந்தது. அதற்கு வைத்தியம் ஐஸ்கிரீம் குச்சி. அடுக்கி, பல்லுக்கு நடுவில் வைத்து, அரை நிமிஷம் பிடிக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஒரு குச்சி கூட்ட வேண்டும். வாய் திறக்கும் அளவு 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வாய் இறுகிவிட்டது என்று கணக்கு; கிட்டத்தட்ட 17 குச்சி. அம்மா ஒன்பதில் ஆரம்பித்தார். ஒருநாள் குச்சிக் கட்டைக் காணோம் என்று வீடெல்லாம் தேடினேன். அம்மா அலமாரிக்குப் பின்னாலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். நான் ஒளித்து வைத்ததை எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. திறந்து காட்டினார். வெற்றிலைத் தட்டில் குச்சிகள், பாக்குக் கிண்ணத்தில் ரப்பர் பேண்ட், சுண்ணாம்பு டப்பா இருந்த இடத்தில் சின்ன டார்ச். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வேளை, முன்பு எப்படிப் பெட்டியோடு திண்ணையில் உட்காருவாரோ அப்படியே உட்கார்ந்து குச்சி வைக்கிறார். இப்போது 13.

விழுங்கப் பழகியதும் ஒரு பெரிய படிப்பு. எங்களுக்குத் தெரியாதது, தண்ணீர்தான் அபாயம். நாக்கு கட்டுப்படுத்துமுன் ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கெட்டியாக்கிய திரவம்தான் முதலில், முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக்கொண்டு, ஒரு ஸ்பூனுக்கு இரண்டு தரம் விழுங்க வேண்டும். பொங்கலன்று முதல் முறை சாம்பாரில் ஊறிய தோசை. ஒன்றரைத் தோசைக்கு ஐம்பது நிமிஷம். யாரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுத்தது ஒரு மலாய்ப் பெண், தங்கமானவர். அவரிடம் இருந்த சொற்கள் எல்லாம் மலாய். அம்மாவுக்குக் கடை மலாய் வரும், ஆனால் வாய் பழகியது தமிழில். தமிழ்ச் சொற்கள் எழுதி வா, எந்த ஒலி எங்கே பிறக்கிறது என்று பிரித்து எழுது என்றார். பள்ளியில் படித்த பிறப்பியல் நாற்பது வயதில் உதவும் என்று யார் கண்டது? உதட்டில் பிறப்பது தனி: பாப்பா, மாமா, அப்பம், அம்மி. அது சுலபம். அடிநாக்கு: காக்கா, கங்காணி. அதுவும் பரவாயில்லை. நுனிநாக்குதான் சங்கடம். தட்டு, தண்ணி, நண்டு, பல்லி, வெள்ளி. 'தண்ணி' பல நாள் 'கங்கி'யாகவே வந்தது. பட்டியலை முடித்து அம்மா தளர்ந்து போனால் கொல்லைக்குப் போய்விடுவார். ஒருநாள் கொல்லையிலிருந்து "பா... பா... பா..." என்று கேட்டது. போனில் இருந்த பழைய குரலைத்தான் மகன் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். கோழிகள் ஓடின.

கடைசியாகப் பட்டியலில் 'வாழைப்பழம்' எழுதினேன். அம்மா 'வாயப்பயம்' என்றார். நாக்கை வளைக்கச் சொன்னேன், மறுபடி சொன்னேன், மறுபடி. நான்காவது தரம் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. குழறலோடுதான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது: "ஆபரேசனுக்கு முன்னாடி மட்டும் நான் எங்கடி அதச் சொன்னேன்?"

உண்மைதான். எங்கள் லயத்தில் அது எப்போதும் வாளப்பளம்தான். பட்டியலில் இருந்து அடித்துவிட்டேன்.

அக்கா, உங்களைப் பார்த்ததை அம்மாவிடம் சொன்னேன். மாமியாரை வந்து பார்க்கிறேன் என்கிறார். வியாழக்கிழமை எனக்குக் கடை அரைநாள், மோட்டாரில் கூட்டி வருகிறேன். கோயில் வரிசையில் மூன்றாவது வீடு என்றுதானே சொன்னீர்கள்? கேசரி, வடை எதுவும் செய்ய வேண்டாம். பாலில் கலந்த மைலோ, ஆறவைத்து. அம்மா குடித்து முடிக்க நேரம் ஆகும், மாமியார் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.